ஒரு நூல் மெல்லிசு

செப்டம்பர் 18, வியாழன்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்காருவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தன்ஷி தூங்கும்போது மணி பதினொன்றே முக்கால். அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பதில் சொல்வதை நிறுத்திய பிறகுதான் தூங்கினாள். இரண்டரை வயதுக்கு இத்தனை கேள்வியா?

நீங்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு போய் இன்றோடு பதினேழு நாள். போனில் பேசினால் ‘ஹலோ ஹலோ’ என்பதிலேயே முக்கால்வாசி போய்விடுகிறது. “அன்னன்னைக்கு நடக்கறத எழுதி போட்டோப் புடிச்சு அனுப்பு. மலைய உட்டு எறங்கறப்ப டவர் கெடைக்கும், படிச்சுக்கறேன்” என்றீர்கள். உரக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி காலியாகத்தான் கிடந்தது. எழுதுகிறேன்.

நேற்று நல்ல மழை. நம் டிராக்டரை வாடகைக்கு ஆறு பேர் கூப்பிட்டுவிட்டார்கள், எல்லாம் சோளம் விதைக்க. டிரைவர் நாச்சிமுத்தண்ணன் ஏழு மணிக்கே வந்துவிட்டார். நீங்கள் சொன்னபடி லாக் பின் விஷயத்தில் கவனமாக இருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து வண்டியில் பின்களைத் திருடிக்கொண்டு போனதிலிருந்து இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இதுவே வழக்கமாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் டிரைவர் மூன்று பின்னையும் கழற்றி வீட்டில் கொடுக்கிறார், காலையில் வாங்கிப் போகிறார். நம் வீட்டில் அதற்கு ஒரு பிஸ்கட் டப்பா. விரல் நீள ஆணி, தலையில் ஒரு வளையம், அவ்வளவுதான் ஒரு பின். டிராக்டரின் பின்னால் இருக்கும் இரண்டு கைகளும் நடுவில் மேலே இருக்கும் கையும் கலப்பையை விடாமல் பிடித்திருப்பது இந்த மூன்றால்தான். எண்ணித்தான் வாங்குகிறேன், எண்ணித்தான் கொடுக்கிறேன். பி.எஸ்சி இயற்பியல் முடித்தவள், மூன்று வரை எண்ணுவதற்கு இரண்டு தரம் எண்ணுகிறேன்.

“ஏனுங் அம்மிணி, பவுனா இது? மூணு ஆணிக்கு இத்தன பதனமா?” என்று அண்ணன் சிரித்தார்.

காலையும் மாலையும் டப்பாவுக்காக அவர் வாசலுக்கு வரும்போது பேசும் நாலு வார்த்தைதான் ஒரு நாளைக்கு நான் பெரியவர் ஒருவரோடு பேசுவது. மற்றதெல்லாம் தன்ஷியோடும் மாட்டோடும்தான்.

செப்டம்பர் 20, சனி

மேற்கே உள்ள மேட்டுக் காட்டில் இன்று ஓட்டினார்கள். டீ கொண்டுபோனேன். அந்த நிலம் உங்களுக்குத் தெரியுமே, கால் வைத்தால் கல் சறுக்கும். கலப்பையின் ஒன்பது கொழுவும் மண்ணுக்குள் இறங்காமல் மேலாகக் கீறிக்கொண்டு போகின்றன. அதனால் பாரத்துக்கு மேலே ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார் அண்ணன். ஆள் வேறு யாருமில்லை, அண்ணனின் மனைவி சரசக்காதான். சாக்கை மடித்துக் கலப்பைச் சட்டத்தின் மேல் போட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையில் முக்காடு. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சாண் எழும்பி உட்கார்கிறார்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் கலப்பை மேல் ஆள் உட்காரவே கூடாது என்று படம் போட்டிருக்கிறது. அதைச் சொன்னேன்.

“கல்லக் கட்டுனா கல்லு உருண்டு உழுந்துருதுங் அம்மிணி” என்றார் அண்ணன். “சரசான்னா கெட்டியாப் புடிச்சுக்குவா.”

“கேட்டுக்கங்க. கல்லு விழுந்தா இவிங்களே எறங்கித் தூக்கோணும். நான் விழுந்தா நானே எந்திரிச்சுக்குவனாமா” என்றார் சரசக்கா.

மூன்று பேரும் சிரித்தோம். நான் அதற்கு மேல் சொல்லவில்லை. படித்தவள் என்று படம் காட்டுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று இருந்தது.

வீட்டிலிருந்தே வண்டிச் சத்தம் கேட்கிறது. அது கேட்கும்வரை யாரோ பக்கத்து அறையில் இருப்பதுபோல இருக்கிறது. அந்தச் சத்தத்தில் தன்ஷிகூட மதியம் நன்றாகத் தூங்குகிறாள்.

செப்டம்பர் 22, திங்கள்

விடிய விடியத் தன்ஷிக்குக் காய்ச்சல். ஈரத்துணி போட்டுப் போட்டு என் விரல் ஊறிவிட்டது. உங்களுக்கு நான்கு தரம் போன் அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே.

காலையில் டப்பாவைத் திறந்தால் இரண்டு பின்தான் இருந்தது. நேற்று சாயங்காலம் அழுதுகொண்டே இருந்தாள் என்று டப்பாவை அவள் கையில் கொடுத்திருந்தேன். வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டால் அழுகை நின்றது. கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைச் சந்தில், தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் தேடிவிட்டேன். வாசலில் அண்ணன் நிற்கிறார். தோளில் பிள்ளை அனலாய்க் கொதிக்கிறது. டாக்டரிடம் எட்டு மணிக்கு டோக்கன். உங்கள் பழைய சாமான் பெட்டியில் அதே மாதிரி ஒன்று இருந்தது. ஒரு நூல் மெல்லிசாக இருக்குமோ என்னவோ. போட்டேன். எண்ணிக்கை மூன்று.

அண்ணன் திறந்துகூடப் பார்க்கவில்லை. “பாப்பாவ மொதல்ல பாருங்” என்று வாங்கிக்கொண்டு போனார்.

வைரஸ் காய்ச்சல்தானாம். மூன்று நாளில் இறங்கிவிடும் என்றார் டாக்டர்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காய்ச்சல் குறைந்திருக்கிறது. ரசஞ்சாதம் இரண்டு வாய் சாப்பிட்டாள். மாலையில் டப்பா வந்தது, மூன்று. அண்ணனிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றிருந்தேன். அதற்குள் உள்ளே அழுகைச் சத்தம், ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார்.

செப்டம்பர் 24, புதன்

பதினொன்றே கால் இருக்கும். வண்டிச் சத்தம் நின்றது. டீசல் ஊற்றுகிறார்கள் என்று நினைத்தேன். நின்றது நின்றதுதான். அப்புறம் யாரோ கத்தினார்கள்.

தன்ஷியை இடுப்பில் போட்டுக்கொண்டு மேட்டுக் காட்டுக்கு ஓடினேன். கலப்பையின் இடது பக்கம் டிராக்டரின் கையிலிருந்து கழன்று தொங்கியது. வலது பக்கம் மட்டும் பிடித்திருந்ததால் அப்படியே திரும்பிப் பின்சக்கரத்தின் மேல் மோதி நின்றிருந்தது. சரசக்கா கீழே. முழங்காலுக்குக் கீழே கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. அண்ணன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு “இந்தா, இந்தா, இந்தா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

108 வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. இதற்கு மேல் இன்று எழுத வராது.

செப்டம்பர் 25, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது. பிளேட் வைத்துவிட்டார்கள். ஆறு மாதம் காலை ஊன்றக்கூடாது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நான் மூன்று தரம் கேட்டேன்.

அண்ணன் வராந்தாவில் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“நான்தானுங் அம்மிணி. பின்னச் செருகி வளையத்த மடக்குனனா இல்லியான்னு ரோசன பண்ணிப் பண்ணிப் பாக்கறேன், நெனப்பே வர மாட்டீங்குது. முப்பது வருசமா மாட்டறேன். கை பாட்டுக்கு மாட்டும். அன்னைக்கு மாட்டுச்சா இல்லியா, தெரியலீங்.”

நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். கல்லுக்காட்டில் எது வேண்டுமானாலும் கழலும் அண்ணா என்றேன். கழலும்தானே? அந்த அதிர்வுக்கு எந்தப் பின்னாக இருந்தாலும் கழன்றிருக்கும். மண்ணில் கிடக்கும் கல் வளையத்தில் பட்டால் திறந்துகொள்ளும் என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

உள்ளே சரசக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில் பெண் சொன்னாள்: “புருசன் வந்தா மூஞ்சி கொடுத்தே பேச மாட்டீங்குது.”

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் மேட்டுக் காட்டுக்கு நடந்து போய்வந்தேன். எவ்வளவு உழவு மிச்சம் என்று பார்க்கத்தான். அண்ணன் அன்றைக்கே அந்தப் பின்னைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லையாம். எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டேன். துணி துவைத்தேன். வண்டி ஓடாத பகல் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 27, சனி

நீங்கள் இன்று கூப்பிட்டது பதினொரு நிமிடம். இத்தனை நாளில் இதுதான் நீளம். என்ன பேசினோம் என்று உங்களுக்கே எழுதுவது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் அந்த இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தைப் படித்துவிட்டீர்கள். எடுத்த எடுப்பில் கேட்டீர்கள்: “நாச்சிமுத்தண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. அவரு தானே மாட்டாம உட்டுட்டதா நெனச்சுட்டிருக்கறாரு.”

“அப்ப அப்படியே இருக்கட்டும். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. ஊருக்குள்ள தெரிஞ்சா நம்ம வண்டிய எவன் கூப்புடுவான்? அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுரு. எனக்கு வந்த போட்டோவ அழிச்சுட்டேன்.”

“சரசக்கா அவரோட பேசறதே இல்லீங்க.”

“புருசன் பொண்டாட்டி, பத்து நாள்ல பேசிக்குவாங்க. நீ பாப்பாவப் பாரு.”

அதற்குள் கட்டாகிவிட்டது. தன்ஷி போனைப் பிடுங்கி ‘அப்பா அப்பா’ என்று அதற்குள் கத்திக்கொண்டிருந்தாள். அழைப்பு முடிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கிழிக்கவில்லை. இந்த டைரியின் தையலுக்கு ஒரு தாளை இழுத்தால் அந்தப் பக்கத்துத் தாளும் கையோடு வந்துவிடும்.

செப்டம்பர் 29, திங்கள்

அண்ணன் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“வேற ஆளப் பாத்துக்கங்க அம்மிணி. பூபதி தம்பிகிட்டச் சொல்லீருங்.”

“எதுக்குங்கண்ணா? எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் உங்களச் சொல்லலியே.”

“தம்பி சொல்லலீங். எங் கைய எனக்கே நம்ப முடியல. நேத்து ஆட்டுப்பட்டிக் கதவச் சாத்திட்டுப் போறேன், பாதி வழியில திரும்பி வந்து பாக்கறேன். சாத்தித்தான் இருக்குது. மறுக்காவும் வந்து பாக்கறேன். ராத்திரியில மூணு வாட்டி எந்திரிச்சேன்னா பாத்துக்கங்க.” சிரிக்கப் பார்த்தார். “அவளும் பேசறதில்ல. பேசோணும்னு கேக்கவும் எனக்கு வாயில்லீங்.”

அவர் சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. “சாப்டீங்களா?” என்றேன். “ஆச்சுங்” என்றார். ஆகவில்லை என்று யாருக்கும் தெரியும்.

சாவியை நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டியை நானே கழுவினேன். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வருஷா வருஷம் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து அண்ணன்தான் வண்டியை நகர்த்துவார், சரசக்கா பூசணிக்காய் உடைப்பார். இன்று பழத்தை நான்கு டயருக்கும் வைத்துவிட்டேன். நகர்த்த ஆளில்லை. தன்ஷி ஒவ்வொரு பழமாக எடுத்துப் பாவாடையில் போட்டுக்கொண்டாள்.

வண்டிக்குத் திருநீறு பூசும்போது என் விரல் டிராக்டரின் அந்த இடது பக்கத்துக் கையில் போய் நின்றது. அப்புறம் என்னால் பூஜையை முடிக்க முடியவில்லை.

இருபத்தாறாம் தேதி நான் பொய் எழுதியிருந்தேன். காட்டில் எனக்குப் பின் கிடைத்தது. ஒரு கல்லுக்குப் பக்கத்தில், வளையம் விரிந்துபோய். எடுத்து வந்து துவரம்பருப்பு டின்னுக்குள் போட்டு மூடியிருந்தேன். ‘ஒரு நூல் மெல்லிசாக இருக்குமோ என்னவோ’ என்று எழுதியதும் பொய். பெட்டியிலிருந்து எடுத்தபோதே மற்ற இரண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் மெல்லிசு. கண்ணாலேயே தெரிந்தது. துளைக்குள் ஆடும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். டாக்டர் டோக்கன் போய்விடும் என்று கொடுத்தேன். மறுநாளும் சொல்லாமல் கொடுத்தேன். அதற்கு மறுநாளும்.

பொரி, சுண்டலை ஒரு பையில் போட்டுக்கொண்டேன். பின்னைப் பேப்பரில் சுற்றிக்கொண்டேன். தன்ஷியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சரசக்கா நேற்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். முன்னறையில் கட்டில், கால் தலையணை மேல். “வாங் அம்மிணி, பாப்பாக்குக் காச்சல் உட்டுருச்சுங்களா?” என்றார். முதலில் அதைத்தான் கேட்டார். அண்ணன் வெளியே ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். அவரையும் உள்ளே வரச் சொன்னேன். பேப்பரைப் பிரித்துக் கட்டிலில் வைத்தேன்.

“இது அன்னைக்கு மாட்டுன பின்னுங்க்கா. கலப்பைப் பின்னு இல்ல. ஒண்ணு காணாமப் போச்சு. டப்பாவுல நான்தான் இதப் போட்டேன். மெல்லிசுன்னு தெரிஞ்சுதான் போட்டேன்.”

அண்ணன் அதை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினார். ரொம்ப நேரம் உருட்டினார்.

“பவர் டில்லர்ப் பின்னு” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான் மடக்கித்தான் இருக்கறேன். சரசா, நான் மடக்கித்தான் உட்டுருக்கறேன்.”

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, “போச்சாதுங் அம்மிணி, உடுங். வாங்கறப்ப நானும் தொறந்து பாத்துருக்கோணும்” என்றார்.

“நீங்க சித்த வாய மூடுங்” என்றார் சரசக்கா. “அவிங்க சொல்ல வந்தத அவிங்க சொல்லட்டும்.” என்னைப் பார்த்தார். “என்னைக்குத் தெரியும் உங்களுக்கு?”

“அன்னைக்கேங்க்கா.”

“ஏழு நாளு.”

நான் தலையாட்டினேன்.

“காலுக்காகச் சொல்லலீங் அம்மிணி. கல்லுக்காடு, விழுந்தா ஒடையத்தாஞ் செய்யும். உக்காந்தது நானு, உக்காரச் சொன்னது இவிங்க, அதுக்கெல்லாம் பங்கு இருக்குது. ஆனா இந்த ஏழு நாளா இந்த மனுசன் கையில ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல நானு. செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன். அவிங்க பகலெல்லாம் கால்மாட்டுல உக்காந்திருந்தாங்க, திரும்பிப் பாக்கல. அந்த ஏழு நாள எங்க போயிங் நானு எடுத்துட்டு வருவேன்?”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தன்ஷி பொரியைக் கட்டில் மேல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மன்னிச்சுக்கங்க்கா என்றேன்.

“ஏனுங்” என்று சரசக்கா அண்ணனைக் கூப்பிட்டார். “கொஞ்சம் தண்ணி கொண்டாங்.”

அண்ணன் எழுந்த வேகத்தில் கட்டில் காலில் இடித்துக்கொண்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தத் தண்ணீரை அவர் குடிப்பதை நான் பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

அக்டோபர் 2, வியாழன்

இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தையும் நேற்றைய பக்கங்களையும் சேர்த்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் உங்களுக்கு வந்து சேரவில்லை, ஒற்றை டிக்.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று மறுபடி மழை. இன்று காலை ஆறரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சிமுத்தண்ணன். சாவியைக் கேட்டார். கடையிலிருந்து புதிதாக வாங்கி வைத்திருந்த பின்னையும் சேர்த்து டப்பாவைக் கொடுத்தேன். அவர் அங்கேயே வாசற்படியில் வைத்துத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வளையத்தை மடக்கி, திறந்து, மடக்கிப் பார்த்தார். மூன்றுக்கும் அப்படியே செய்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“டீ வெக்கட்டுங்களா அண்ணா?”

“வேண்டாங். குடிச்சுட்டுத்தான் வந்தேன்.” டப்பாவை மூடினார். “இனி இது எங்கூட்லயே இருக்கட்டும் அம்மிணி. பொழுதோட நானே எடுத்துட்டுப் போயிக்கறேன். சரசா சொன்னா.”

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் போலத்தான் சொன்னார். போகும்போது தன்ஷியின் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

மேட்டுக் காட்டில் மிச்சம் இருந்ததை இன்று ஓட்டி முடித்துவிட்டார். கலப்பை மேல் யாரும் உட்காரவில்லை. இரண்டு கல்லை வைத்து, தடித்த கம்பியால் முறுக்கு முறுக்கென்று முறுக்கிக் கட்டியிருந்தார். வரப்பிலிருந்து பார்த்தேன், கிட்டே போகவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியை நிறுத்தி, இறங்கி, மூன்று இடத்தையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினார். வேலை முடியப் பொழுதாகிவிட்டது. வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, வீட்டுப் பக்கம் வராமலே குறுக்கு வழியில் போனார். ஆறு மணிக்கு நான் பழக்கத்தில் வாசலில் போய் நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

நான் அனுப்பிய பக்கங்களுக்கு வெள்ளிக்கிழமையே நீல டிக் வந்துவிட்டது. படித்துவிட்டீர்கள். இரண்டு நாளாகிறது. நீங்கள் சொன்னதை மீறிச் செய்துவிட்டேன், தெரியும். திட்டுவதென்றால் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியாமல் இந்த வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும் இருப்பதுதான் முடியவில்லை. டவர் கிடைத்ததும் ஒரு வரியாவது பதில் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள்.